விரிவலையையும் கைத்தொலைபேசி வலையமைப்பையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்ப்பது எப்படி

வரவேற்பறையில் தொலைக்காட்சி மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், சுவரின் அடிப்பாகத்தில் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி தெரியும். அதிலிருந்து பச்சை முனை கொண்ட மெல்லிய கம்பி ஒன்று பக்கத்திலுள்ள கருவிக்குப் போகும். ஒரு வலையமைப்பைக் கட்ட எவ்வளவு செலவாகும், அந்தச் செலவு எப்போது திரும்பும், விரிவலையையும் (வீட்டுக்குக் கம்பி வழியே வரும் அதிவேக இணையம்) கைத்தொலைபேசிச் சேவையையும் இணைத்தால் உண்மையில் எங்கே மிச்சமாகும் என்ற கேள்விகளுக்கு விடை தேடுபவர்கள் இந்தப் பெட்டியில் தொடங்கிப் பின்னோக்கி நடப்பது நல்லது. வலையமைப்புத் திட்டமிடும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், ஒற்றைத் தாளில் போடக்கூடிய அந்தக் கணக்கை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவருக்கும், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பங்குகளை வைத்திருப்பவருக்கும் இது போதுமானது.

முதலில் அடுக்குகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தாளில் மூன்று கட்டங்கள் வரையுங்கள். கீழ்க்கட்டத்தில் மண்ணிலும் சுவரிலும் கிடப்பவை வரும்: நிலத்தடிக் குழாய்கள், ஆள்துளைகள், ஒளி வழியே தரவைக் கடத்தும் கண்ணாடியிழை, கட்டடத்தின் தொலைத்தொடர்பு அறை, மாடிதோறும் ஏறும் கம்பிகள். நடுக்கட்டத்தில் மின்சாரம் தேவைப்படும் கருவிகளை எழுதுங்கள். மேல்கட்டம் வாடிக்கையாளரிடம் விற்பனை செய்து கட்டண ரசீது அனுப்பும் நிறுவனத்துக்கு உரியது.

சிங்கப்பூரில் இந்தப் பிரிவு காகிதத்தில் மட்டும் இருப்பதன்று. அடுத்த தலைமுறை தேசிய விரிவலைக் கட்டமைப்புக்காக 2008இல் ஓப்பன்நெட் கூட்டமைப்பு கீழ்க்கட்டத்துக்குத் தேர்வானது. அதற்கு 750 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அரசு மானியம் ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நடுக்கட்டத்துக்கு, தொலைத்தொடர்பு நிறுவனமான ஸ்டார்ஹப்பின் துணை நிறுவனமான நியூக்ளியஸ் கனெக்ட் தேர்வானது; அதற்கான மானியம் 250 மில்லியன் வரை. மேல்கட்டத்தில் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம் என்று விட்டுவிட்டார்கள். ஓப்பன்நெட்டைப் பின்னர் நெட்லிங்க் வாங்கிக்கொண்டது. அதை இன்று வைத்திருக்கும் வணிக நிதியம் (பிசினஸ் டிரஸ்ட்) 2017 ஜூலையில் பங்குச் சந்தைக்கு வந்தது. மானியத்தின் முக்கால் பங்கு கீழ்க்கட்டத்துக்குப் போனதைக் கவனியுங்கள். எந்த நாட்டிலும் கண்ணாடியிழை வலையமைப்பின் செலவில் பெரும்பங்கு தோண்டுவதற்கும் மூடுவதற்குமே போகிறது. இங்கே தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல்லிடம் ஏற்கெனவே இருந்த குழாய்களைப் பெரிதும் பயன்படுத்திக்கொள்ள முடிந்ததாலும், மக்களில் பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளில் நெருங்கி வாழ்வதாலும் அந்தச் செலவு அடங்கியது.

ஒரு புளோக்கைக் கணக்கிடுங்கள்

நாடு முழுவதற்கும் கணக்குப் போடத் தொடங்கினால் தலை சுற்றும். நூறு வீடுகள் உள்ள ஒரு புளோக்கை, அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை, மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்வரும் செலவுத் தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்களிடம் உண்மையான விலைப்புள்ளி இருந்தால் அதை இட்டு நிரப்புங்கள். சாலையிலிருந்து புளோக்கின் தொலைத்தொடர்பு அறை வரை குழாயும் கம்பியும் போட 40,000 வெள்ளி. மாடிகளுக்கு ஏற்றிப் பகிர்வுப் பெட்டிகள் வைக்க 20,000. இணைப்புக் கேட்கும் வீட்டுக்குள் கம்பி இழுத்து அந்த வெள்ளைப் பெட்டியைப் பொருத்த வீட்டுக்கு 300.

முதல் இரண்டையும் கூட்டினால் 60,000. யாரும் இணைப்புக் கேட்காவிட்டாலும் இது செலவாகிவிடும். கம்பி வாசலைக் கடந்துபோகும் வீடு ஒன்றுக்கு 600 என்பது பார்க்க மலிவாகத் தோன்றும். ஆனால் பணம் தருவது இணைந்த வீடுதான். முப்பது வீடுகள் மட்டும் இணைந்தால், 60,000ஐ முப்பதால் வகுத்து 300 கூட்டினால், இணைந்த வீட்டுக்கு 2,300 வெள்ளி ஆகிறது. தொண்ணூறு வீடுகள் இணைந்தால் அது 967க்கு இறங்கிவிடும்.

இனி வருமானம். நெட்லிங்க் ஒரு வீட்டு இணைப்புக்குச் சேவை நிறுவனங்களிடம் வாங்கும் மாத மொத்த விற்பனைக் கட்டணம் தொடக்கத்தில் 15 வெள்ளியாக இருந்தது, 2018இல் 13.80 ஆகி, 2024 ஏப்ரலில் 13.50க்கு வந்தது. இது சந்தை நிர்ணயித்த விலை அன்று. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் நிர்ணயிப்பது. முப்பது வீடுகளிடமிருந்து ஆண்டுக்கு 4,860 வெள்ளி வரும். போட்ட முதலீடு 69,000. அதற்கு நூற்றுக்கு ஏழு வட்டி என்று வைத்தால் வட்டியே 4,830. பராமரிப்புக்கும் தேய்மானத்துக்கும் மிஞ்சுவது முப்பது வெள்ளி! தொண்ணூறு வீடுகள் என்றால் முதலீடு 87,000, வட்டி 6,090, வருமானம் 14,580. புளோக்கும் கம்பியும் கட்டணமும் அப்படியே இருக்க, இணைந்த வீடுகளின் விகிதம் ஒன்றே முதலீட்டை நிலைநிறுத்துகிறது அல்லது கவிழ்க்கிறது. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே தோண்டினால் இருவருமே நாற்பது, ஐம்பது வீடுகளில் நின்றுவிடுவார்கள். கீழ்க்கட்டத்தை ஒருவரிடம் கொடுத்து, விலையை ஒழுங்குபடுத்தி, மேலே போட்டியை அனுமதிப்பதன் பொருளாதார நியாயம் இதுதான்.

ஆயுளை மறக்காதீர்கள்

ஒவ்வொரு செலவுக்கும் எதிரே எத்தனை ஆண்டு உழைக்கும் என்று எழுதுங்கள். குழாய் பல பத்தாண்டுகள் கிடக்கும். கண்ணாடியிழையும் ஏறத்தாழ அப்படியே. இரு முனைகளிலும் உள்ள மின்கருவிகள் பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு ஆண்டுக்குள் பழையதாகிவிடும். 2024இல் தேசிய விரிவலையை நொடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த அரசு 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கியது. முன்பு ஒதுக்கிய ஒரு பில்லியனோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் மானியம்தான், முழுச் செலவு அன்று. ஆனாலும் மண்ணில் கிடப்பதைத் தொடாமல் முனைகளை மட்டும் மாற்றும்போது தொகை எந்த அளவுக்குச் சுருங்குகிறது என்பது அதில் தெரிகிறது. அந்த வெள்ளைப் பெட்டிக்கும் பச்சை முனைக்கும் வேலை மாறவில்லை.

கைத்தொலைபேசிப் பக்கம்

இங்கே கணக்கின் தன்மை வேறு. தோண்டுவதற்குப் பதில் அலைக்கற்றைக்குப் பணம் கட்ட வேண்டும். 2017 ஏப்ரல் ஏலத்தில் நான்கு நிறுவனங்கள் சேர்ந்து ஏறத்தாழ 1.15 பில்லியன் வெள்ளி கட்டின. அதன்பின் அலைகளை அனுப்பிப் பெறும் நிலையங்கள். தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவருக்குள் நுழையும். 5ஜிக்குப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அவ்வளவு தூரம் போகாது, ஆனால் அதிகத் தரவைச் சுமக்கும். ஆகவே நிலையங்களின் எண்ணிக்கையை இரண்டு முறை கணக்கிட வேண்டும்: பரப்பளவை மூட எத்தனை, நெரிசலைத் தாங்க எத்தனை. இரண்டில் பெரியதே உங்கள் விடை. சிங்கப்பூரில் அநேகமாக எல்லா இடத்திலும் இரண்டாவது எண்தான் பெரிதாக இருக்கும்.

தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் வரை காவடிகள் நகரும் நேரத்தில், கூடவே நடப்பவர்கள் எல்லாரும் காணொளி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு நிலையத்தின் ஒரு பிரிவு (ஒரு திசையை நோக்கிய பகுதி) நொடிக்கு 400 மெகாபிட் தாங்கும், ஆளுக்கு 2 மெகாபிட் வேண்டும் என்று கொண்டால், ஒரே நேரத்தில் 200 பேர். சாதாரணச் செவ்வாய்க்கிழமை அறுபது பேர் இருக்கும் அதே இடத்தில் அன்று ஆயிரம் பேர் நின்றால் ஐந்து பிரிவுகள் வேண்டும். அந்த ஒரு நாளுக்காக நிரந்தரமாகக் கட்டுவதா, தற்காலிக நிலையம் வைப்பதா, கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்று விடுவதா என்பது வணிக முடிவு. வீட்டு விரிவலையின் உச்சநேரமோ இரவுச் சாப்பாட்டுக்குப் பின், வேறொரு இடத்தில் வருகிறது. ஒன்றின் உச்சத்தில் மற்றொன்று ஓய்ந்திருக்கும் இடங்களில்தான் இரண்டையும் ஒரே மைய இணைப்பில் ஏற்றுவது லாபம் தரும். இரண்டும் ஒரே மணியில் உச்சம் தொடும் வட்டாரத்தில் அந்த லாபத்தை எழுதாதீர்கள்.

இரண்டையும் சேர்க்கும் இடம்

நம் நூறு வீட்டுப் புளோக்கின் கூரையில் ஒரு 5ஜி நிலையம் வருகிறது என்போம். கூரையில் இடம் தருவதைக் கட்டட உரிமையாளர்களின் கடமையாக்கும் விதிகள் இங்கே உள்ளன. ஆகவே நிலையத்தை மைய வலையமைப்போடு இணைக்கும் கம்பிக்கு வருவோம். தனியாகத் தோண்டினால் நாம் முன்பு வைத்த 40,000. ஏற்கெனவே உள்ள கம்பியில் சும்மா கிடக்கும் இரண்டு இழைகளை ஒட்டிக்கொடுத்தால் 3,000 என்று கொள்வோம். நியாயமான விலை இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எங்கோ இருக்கும்: 3,000க்குக் கீழே போனால் வீடுகள் நிலையத்துக்கு மானியம் தருகின்றன; 40,000ஐத் தாண்டினால் கைத்தொலைபேசி நிறுவனம் தானே தோண்டிக்கொள்ளும். அது 15,000 தருவதாக ஒப்புக்கொண்டால், 3,000 போக மீதி 12,000 பொதுச் செலவைக் குறைக்கிறது. கம்பி கடந்துபோகும் வீட்டுக்கான செலவு 600இலிருந்து 480 ஆகிறது. ஒருங்கிணைப்பின் பெரிய லாபம் இந்த அடியாழத்தில்தான் உள்ளது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், விரிவலைப் பிரிவு ஒரு சாலையைத் தோண்டி, தார் போட்டு மூடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கைத்தொலைபேசிப் பிரிவு அதே ஓரத்தில் தோண்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. இரு பிரிவுகளும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த மாடிகளில் இருந்தன. வரவுசெலவுத் திட்டங்கள் தனித்தனியாக இருந்ததால் யாருக்கும் அது தவறாகப்படவில்லை! ஆகவே உங்கள் தாளில் தோண்டும் வேலைகளுக்கு ஒரே ஒரு பட்டியல் இருக்கட்டும்.

நடுக்கட்டத்திலும் பகிரலாம். 2020இல் 5ஜி உரிமம் பெற ஸ்டார்ஹப்பும் எம்1 நிறுவனமும் அன்டினா என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்து, ஒரே வானலை வலையமைப்பை இருவருமாகப் பயன்படுத்துகின்றன. மிச்சம் கணிசமானது, ஆனால் தரத்தில் இருவரும் ஒன்றாகிவிடுவதால், போட்டி விலையிலும் சேவையிலும் மட்டுமே நடக்க முடியும். வருமானக் கணிப்பு எழுதும்போது அதற்கேற்ப அடக்கி எழுத வேண்டும்.

மேல்கட்டத்தில், அதாவது கைத்தொலைபேசியும் விரிவலையும் சேர்ந்த ஒரே ரசீதில், எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அங்கே எந்தக் கம்பியும் மிச்சமாவதில்லை. வாடிக்கையாளர் விலகாமல் இருப்பதே லாபம். மாதத்துக்கு நூற்றுக்கு 1.5 பேர் விலகினால் ஒருவர் சராசரியாக 67 மாதம் இருப்பார். 1 பேராகக் குறைந்தால் 100 மாதம். மாதம் 20 வெள்ளி லாபம் தந்தவர் முன்பு மொத்தம் ஏறத்தாழ 1,333 தந்தார். 5 வெள்ளி தள்ளுபடி கொடுத்து 100 மாதம் வைத்திருந்தால் 1,500. தள்ளுபடியை 8 ஆக்கினால் 1,200, நட்டம். விற்பனைப் பிரிவு எட்டு வெள்ளி கேட்கும்போது இந்த மூன்று வரிகளைக் காட்டுங்கள்.

கடைசிப் பத்தி: அணைக்கும் தேதி

பலரும் விட்டுவிடும் ஒரு பத்தியை, அதாவது நெடுவரிசையை, தாளின் வலது ஓரத்தில் சேருங்கள். பழைய வலையமைப்பு எந்தத் தேதியில் அணைக்கப்படும்? புதியதைக் கட்டிய பிறகும் பழையது ஓடிக்கொண்டிருந்தால் மின்சாரம், வாடகை, உதிரிப்பாகம், அதைத் தெரிந்த பொறியாளர் என எல்லாம் இரட்டிப்பு. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரல் 1இல் நின்றது. ஸ்டார்ஹப்பின் கேபிள் வலையமைப்பு 2019 செப்டம்பர் இறுதியில் அணைந்தது. அணைக்கும் தேதி ஓராண்டு தள்ளினால், நீங்கள் எழுதிய சேமிப்பின் முதல் ஆண்டை முழுவதும் அடித்துவிட்டு, இரட்டைச் செலவை அந்த இடத்தில் எழுதுங்கள். மாறாமல் பிடிவாதமாக இருக்கும் கடைசி வாடிக்கையாளர்களுக்குப் புதுக் கருவியை இலவசமாகக் கொடுத்து அனுப்புவது செலவு மாதிரித் தெரியும். அந்தப் பத்தியில் இட்டுப் பார்த்தால், அநேகமாக ஒவ்வொரு முறையும் அதுவே மலிவாக வந்திருக்கிறது.