ஏஐ ஏஜென்டுக்காக மொபைல் எமுலேட்டர் டூலுக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

ஆண்ட்ராய்டு எமுலேட்டரை (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் போன்) ஓர் ஏஐ ஏஜென்ட் இயக்கும்படி டூல் செய்வது இப்போது பெரிய வேலையில்லை. திரையைத் தொட, எழுத, ஸ்கிரீன்ஷாட் எடுக்க எல்லாவற்றுக்கும் ஏடிபி-யில் (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு சாதனத்தை இயக்கும் கருவி) கட்டளை இருக்கிறது. அவற்றை ஓர் எம்சிபி சர்வருக்குள் வைத்துவிட்டால் (ஏஐ-யை வெளி டூல்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட முறை இது) ஏஜென்ட் அழைக்கத் தொடங்கிவிடும். தவறாக அழைக்கவும் தொடங்கிவிடும்.

காரணம் எளிது. பொதுவாக ஏஜென்டுக்கு நீங்கள் எழுதிய நிரல் தெரியாது. டூலின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன மதிப்புகள் தர வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். அதனால் அந்த விளக்கத்தையும் டூலின் ஒரு பாகமாகவே நினைத்து எழுத வேண்டும்.

படி 1: டூல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்

தொடக்கத்துக்கு ஐந்து போதும்: ஸ்கிரீன்ஷாட், திரையில் உள்ள உறுப்புகளின் (பொத்தான், எழுத்துப் பெட்டி போன்றவை) பட்டியல், டேப் (தொடுதல்), ஸ்வைப், எழுத்து உள்ளிடல். ஒரே வேலைக்கு இரண்டு டூல் இருந்தால் எதை எப்போது அழைப்பது என்பதையும் நீங்களே சொல்ல வேண்டிவரும்.

படி 2: முன்நிபந்தனையை எழுதுங்கள்

எமுலேட்டர் சன்னல் திறந்துவிட்டது என்பதற்காக ஆண்ட்ராய்டு தயாராகிவிட்டது என்று அர்த்தமில்லை. தயாரானதும் பூட் கம்ப்ளீட்டட் என்ற சிஸ்டம் மதிப்பு 1 ஆகும். இதை டூலே சோதிக்கிறதா, ஏஜென்ட் சோதிக்க வேண்டுமா? ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். டூலே சோதிப்பது நல்லது.

படி 3: ஆயத்தொலைவுகள்

அதிகக் குழப்பம் வருவது இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பலர் டேப் டூலுக்கு இப்படி எழுதுகிறார்கள்:

"திரையில் ஓர் இடத்தைத் தொடும். எக்ஸ், ஒய் தரவும்."

எந்த அளவில்? எங்கிருந்து எண்ணுவது? திரை 1080 × 2400 பிக்ஸல் என்று வையுங்கள். ஏஐ மாடலுக்கு அனுப்பும் முன் ஸ்கிரீன்ஷாட்டைப் பாதியாகச் சுருக்குகிறீர்கள். படத்தில் (270, 600) என்ற இடத்தில் தெரியும் பொத்தான் உண்மையில் (540, 1200)-இல் இருக்கிறது. ஏஜென்ட் படத்தில் பார்த்த எண்ணையே தரும், டேப் வேறெங்கோ விழும். இன்னும் மோசம், பிழை எதுவும் வராது.

இதையே இப்படி எழுதலாம்:

"திரையில் ஓர் இடத்தை ஒருமுறை தொடும். எக்ஸ், ஒய் இரண்டும் சாதனத்தின் அசல் பிக்ஸலில், மேல் இடது மூலையிலிருந்து. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து எண்ணை ஊகிக்க வேண்டாம். முதலில் உறுப்புப் பட்டியலை அழைத்து, உறுப்பின் எல்லைகளிலிருந்து மையத்தைக் கணக்கிடவும். எடுத்துக்காட்டு: எல்லை [48,1120][1032,1264] என்றால் மையம் (540, 1192). டேப் செய்ததும் திரை மாறியதா என்று மீண்டும் பட்டியலை எடுத்துப் பார்க்கவும்."

நீளம்தான். ஆனால் ஒரு வரிகூட வீணில்லை.

ஸ்வைப்பிலும் இதே கதை. 'மேலே' என்றால் விரல் மேலே போகிறதா, பக்கம் மேலே போகிறதா? "விரல் மேல்நோக்கி நகரும், அதனால் பட்டியலின் கீழ்ப்பகுதி தெரியவரும்" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ஐபோன் சிமுலேட்டரையும் சேர்க்கப் போகிறீர்களா? அங்கே ஸ்கிரீன்ஷாட் பிக்ஸலில் வரும், தொடுவது பாயின்ட் கணக்கில் நடக்கும். ஐபோன் மாடலைப் பொறுத்து ஒரு பாயின்ட் 2 அல்லது 3 பிக்ஸல். தனி விளக்கம் எழுதுவதே மேல்.

படி 4: முடியாததையும் சொல்லுங்கள்

ஏடிபி-யின் எழுத்து உள்ளிடும் கட்டளை ஆங்கில எழுத்துகளுக்குச் சரி, தமிழுக்குக் கை விரித்துவிடும். நம் ஊர் ஆப்களைச் சோதிக்கிறவர்களுக்கு இது முதல் நாளே முட்டும். வேறு கீபோர்டு ஆப் வழியாகத் தீர்க்கலாம். அதுவரை "ஆங்கில எழுத்து, எண் மட்டும்" என்று விளக்கத்தில் இருக்கட்டும்.

ஆப்பின் தரவை அழிக்கும் டூல் வைத்திருந்தால், அதை அழிக்கும் டூல் என்று எம்சிபி குறிப்பிலேயே அடையாளப்படுத்த இடமுண்டு. பயன்படுத்துங்கள்.

படி 5: பிழைச் செய்தியும் விளக்கம்தான்

திரையில் அனிமேஷன் ஓடிக்கொண்டே இருந்தால் உறுப்புப் பட்டியல் எடுப்பது தோற்கலாம். அப்போது வெறுமனே 'தோல்வி' என்று திருப்பி அனுப்பினால் ஏஜென்ட் அதையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருக்கும். "திரை இன்னும் அசைகிறது. 2 விநாடி கழித்து ஒருமுறை முயலவும், மீண்டும் தோற்றால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கவும்" என்று அடுத்த அடியைச் சொல்லுங்கள். சோதனை எமுலேட்டர் என்றால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள மூன்று அனிமேஷன் அளவுகளையும் அணைத்துவிடுவது இன்னும் சுலபம்.

படி 6: புது ஏஜென்டிடம் கொடுத்துப் பாருங்கள்

முந்தைய உரையாடல் எதுவும் இல்லாத புதிய அமர்வைத் திறந்து, "செட்டிங்ஸில் டார்க் தீமை ஆன் செய்" என்று மட்டும் சொல்லுங்கள். நடுவில் உதவ வேண்டாம். முடிந்ததும் எந்த டூலை எந்த மதிப்போடு அழைத்தது என்ற பதிவைப் படியுங்கள். பட்டியல் எடுக்காமலே டேப் செய்திருக்கிறதா? டேப்பின் விளக்கத்தில் அந்த வரியை மேலே ஏற்றுங்கள். அப்புறம் இன்னொரு புதிய அமர்வில் அதே வேலையைக் கொடுங்கள்.