படகு மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லையா? எர்த்தில் இருந்து ஆரம்பியுங்கள்

கடல் இல்லாத சேலத்தில் உட்கார்ந்துகொண்டு படகு மோட்டார் வேலை பார்க்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். கோரிமேட்டில் என் கடைக்கு வருவது பெரும்பாலும் காரும் பைக்கும்தான். ஆனால் மேலே ஏற்காட்டில் ஒரு ஏரி இருக்கிறது, அந்தப் பக்கம் மேட்டூர் அணை இருக்கிறது. படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் ஔட்போர்ட் மோட்டார், வருடத்துக்கு நாலைந்தாவது நம்மிடம் வந்து சேரும்.

போன மழைக்காலத்தில் ஒரு மோட்டார், பேட்டரி கேபிளோடு குட்டி யானையில் ஏறி 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தது. "அண்ணா, பேட்டரி புதுசு, செல்ஃப் மோட்டாரும் புதுசு. சாவி போட்டா டிக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்." வேறு எங்கோ பார்த்தவர்கள் இரண்டையும் மாற்றிவிட்டிருந்தார்கள். பழுது இருந்ததோ ஒரு போல்ட்டுக்கு அடியில். அதை எப்படிப் பிடிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். முன்பின் மீட்டர் பிடிக்காதவர்களும் செய்யலாம்.

என்னென்ன வேண்டும்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், உப்புத்தாள், பழைய பல் துலக்கும் பிரஷ். அப்புறம் ஒரு டெஸ்ட் லேம்ப். பைக் இண்டிகேட்டரின் 12 வோல்ட் பல்பில் இரண்டு வயர் வைத்துப் பற்றவைத்தால் போதும். மீட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். பத்து இழை உள்ள வயரில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். லேம்ப் அழுதுகொண்டு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பிளக், காயில் (பொறிக்கான கரண்ட் கொடுப்பது), சிடிஐ (பொறி வரும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெட்டி) பக்கம் போகும் வயர்களில் மட்டும் இந்த லேம்பை வைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் போய்விடும்.

மோட்டாரைக் கரையில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் கீழ்ப்பகுதி தண்ணீரில் இருக்க வேண்டும். நான் 200 லிட்டர் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி அதில் இறக்கிவிடுவேன். தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் உள்ளே குளிர்விக்கும் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம், அதாவது இம்பெல்லர், கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் எதையும் தொடாமல் மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள்.

முதலில் கண்ணும் கையும்

சிவப்புச் சுருள் கயிறு ஒன்று தொங்குமே, ஓட்டுகிறவர் இடுப்பில் மாட்டிக்கொள்வது, அதன் கிளிப் இடத்தில் இருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? கிளிப் இல்லாவிட்டால் பெரும்பாலான மோட்டார்களில் செல்ஃப் அடிக்கும், பிளக்கில் தீப்பொறி வராது. கியரில் இருந்தால் செல்ஃபே அடிக்காது. இந்த இரண்டையும் பார்க்காமல் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை, டீ மட்டும்தான்.

அடுத்து ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்தில் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் எஞ்சின் உலோகத்தில்) வைத்து, மறு முனையால் ஃபியூஸின் இரண்டு காலையும் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். சிகரெட் அட்டை ஜிகினாத்தாளைச் சுற்றிக்கொண்டு வந்தால் எனக்குக் கோபம் வரும்.

பேட்டரி: சும்மா இருக்கும்போதும், இழுக்கும்போதும்

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றிவிட்டு அப்புறம் பேசலாம். ஏற்காட்டில் கூட்டம் வருவது சனி, ஞாயிறுதான். மற்ற நாளில் படகு கட்டியே கிடக்கிறது, பேட்டரியும் இறங்கிக்கொண்டே போகிறது.

ஆனால் இந்த 12.6 ஏமாற்றும். செத்த பேட்டரிகூடச் சும்மா இருக்கும்போது நல்ல எண் காட்டும். பக்கத்தில் ஒருவரை நிறுத்திச் சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். இறங்காமல் 12 சொச்சத்திலேயே நின்று, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் கரண்ட் பேட்டரியை விட்டே வெளியே போகவில்லை. நம் குட்டி யானை மோட்டாரில் அப்படித்தான், 12.3லேயே நின்றது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி பிரஷ்ஷால் தேயுங்கள். கரைசல் பேட்டரி மூடிக்குள் போகக் கூடாது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

எர்த்: இங்கேதான் பாதிப் பழுது

நிதானமாகச் செய்யுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வேண்டாம். சிவப்பு முனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத வெறும் உலோகத்தில் அழுத்திப் பிடியுங்கள். மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். இப்போது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், அவ்வளவு வோல்ட் செல்ஃபுக்குப் போகாமல் வழியிலேயே வீணாகிறது என்று அர்த்தம்.

அந்த மோட்டாரில் 9 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கறுப்பு முனையை மட்டும் கிளாம்புக்கு நகர்த்தினேன், அதே அளவு. கேபிளின் மறுமுனையில் எஞ்சின் போல்ட்டில் மாட்டும் வளையம், அதாவது லக், அதில் வைத்தேன், அப்போதும் அதே. ஆக கிளாம்பும் கேபிளும் நல்லது, லக்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில்தான் கோளாறு. போல்ட்டைக் கழற்றினால் அடியில் யாரோ அடித்த பெயிண்ட், அதன் மேல் மாவு மாதிரி வெள்ளைப் பொடி. மலைப் பனிமூட்டத்தின் ஈரம் உள்ளே இறங்கி அலுமினியத்தை அரித்திருக்கிறது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கியதும் 0.1 வோல்ட். ஒரே திருப்பில் செல்ஃப் அடித்தது. பழைய செல்ஃப் மோட்டாரை என்ன செய்தார்கள் என்று கேட்டேன், எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான், பேட்டரி பாசிட்டிவ் குமிழுக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவில். அங்கே அரை வோல்ட் வரை விடலாம்.

டிக் சத்தம் மட்டும் வந்தால்

எர்த் சரி, பேட்டரி சரி, இருந்தும் டிக் மட்டும்தான் என்றால் சோலனாய்டைப் பாருங்கள். சாவி திருப்பினால் செல்ஃபுக்குப் பெரிய கரண்டை விடும் காந்த சுவிட்ச் அது. அதன் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே மீட்டரை வையுங்கள். சாவி போடும் முன் 12 காட்டும். டிக் என்றதும் பூஜ்ஜியத்துக்கு அருகே விழ வேண்டும். சத்தம் வந்தும் 12லேயே நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான். விழுந்தும் சுற்றவில்லை என்றால்தான் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டும்.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

கார்புரேட்டர் வைத்த பெரும்பாலான மோட்டார்களில் பொறிக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை. ஃபிளைவீலில் உள்ள காந்தம் சுற்றினாலே காயிலில் கரண்ட் பிறக்கும். அதனால்தான் கயிறு இழுத்தும் ஸ்டார்ட் ஆகிறது.

பொறி வரவில்லையா? ஸ்டாப் வயர் எர்த்தைத் தொட்டால் எஞ்சின் நிற்பது இவற்றின் ஏற்பாடு. அந்த வயரை எஞ்சின் பக்கத்தில் கழற்றிவிட்டுப் பாருங்கள். பொறி வந்தால் சாவியிலோ, கிளிப் சுவிட்சிலோ, நடுவில் நசுங்கிய வயரிலோதான் கோளாறு. அப்படியே ஸ்டார்ட் செய்தால் சாவியை அணைத்தாலும் நிற்காது, சோக்கை இழுத்து நிறுத்தத் தயாராக இருங்கள். பொறியைப் பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பிளக் கேப்பைக் கையில் பிடித்துப் பார்க்கும் வீரம் வேண்டாம். இரண்டு சிலிண்டரில் ஒன்றில் மட்டும் பொறி இல்லை, காயிலும் தனித்தனி என்றால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால் காயில்தான்.

பொறி இருந்தும் பிளக் கரியாக நனைந்து வந்தால் எலெக்ட்ரிக்கலைக் குடையாதீர்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு வைத்த ஜெட்டிலேயே (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) மேலே ஓட்டினால் பெட்ரோல் அதிகமாகி பிளக்கை அடைக்கும். அது கார்புரேட்டர் வேலை.

சார்ஜ் ஏறுகிறதா

ஓடும்போது கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து பேட்டரியில் பாருங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் சரி. 12.5லேயே நின்றால் ஸ்டேட்டர் (ஃபிளைவீலுக்கு அடியில் கரண்ட் உண்டாக்கும் சுருள்) அல்லது ரெக்டிஃபையர் (அந்தக் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றுவது), அதற்கு அந்த மாடலின் மேனுவலில் உள்ள ஓம் அளவு வேண்டும். ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய லாரி வித்தையை இங்கே காட்டாதீர்கள், ரெக்டிஃபையர் அந்த நொடியே போய்விடலாம்.

எல்லாம் முடிந்ததும் திறந்த இணைப்புகளில் லேசாக வாசலின் தடவுங்கள். டிரம்மில் இருந்து தூக்கிய மோட்டாரை உடனே படுக்க வைக்காமல், உள்ளே இருக்கும் தண்ணீர் வடியும் வரை நிமிர்த்தியே வையுங்கள்.