தீசிஸிலிருந்து ஆய்விதழுக்கு: மருத்துவக் கட்டுரையைத் தயாரித்து அனுப்பும் முறை

முதுநிலை மருத்துவ மாணவர்களின் தீசிஸ் நூறு பக்கங்களை எட்டுவது வழக்கம்; ஆய்விதழ்களோ பெரும்பாலும் மூவாயிரம் சொற்களை ஒட்டிய ஒரு கட்டுரையைத்தான் கேட்கின்றன. தீசிஸை ஆங்காங்கே வெட்டிச் சுருக்கினால் கட்டுரை கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி வெட்டி ஒட்டியவை, கட்டுரையை எடைபோடும் துறை வல்லுநரான மதிப்பாய்வாளரிடம் போகாமல் பதிப்பாசிரியரிடமிருந்தே திரும்பிவிடுவதுண்டு. தனக்குத் தெரிந்ததைத் தேர்வாளருக்குக் காட்ட எழுதப்படுவது தீசிஸ். ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையை, அதே வகை நோயாளிகளைப் பார்க்கும் இன்னொரு மருத்துவருக்குச் சொல்ல எழுதப்படுவது கட்டுரை. ஆகவே அந்தக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு உதவாத அட்டவணையை, அது எத்தனை இரவுகள் விழித்துத் தயாரித்ததாக இருந்தாலும், ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்க வேண்டும்.

எழுத உட்காரும் முன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் பெறப்பட்டிருக்க வேண்டும். தேதி முன்பின்னாக இருந்தால் எழுத்துத் திறமை எதுவும் அதைச் சரிசெய்யாது. ஒரு சிகிச்சையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை ஆய்வாக இருந்தால் இந்திய மருத்துவ ஆய்வுகளின் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவு எண் வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவேடு முன்கூட்டிய பதிவுகளை, அதாவது முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் செய்யப்படுபவற்றை, மட்டுமே ஏற்கிறது. எனவே 'கட்டுரை அனுப்பும்போது பதிந்துகொள்ளலாம்' என்ற பழைய நம்பிக்கை இனி உதவாது.

அடுத்தது ஆய்விதழைத் தேர்ந்தெடுப்பது. உங்கள் கேள்வியை ஒட்டி நீங்களே மேற்கோள் காட்டியிருக்கும் கட்டுரைகள் எங்கே வெளிவந்துள்ளன என்று பாருங்கள். உங்கள் கட்டுரைக்குப் பொருத்தமான இதழ் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இருக்கும். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று புகழ்ந்து வரும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுத வேண்டாம். இதழின் பெயர் புகழ்பெற்ற ஓர் இதழின் பெயரைப் போலவே ஒலிப்பது நம்பிக்கைக்குச் சான்றாகாது. இதழின் தளத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், மெட்லைன், ஸ்கோபஸ், டிஓஏஜே போன்ற, ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளங்களில் நேரடியாகத் தேடிப் பாருங்கள். கட்டணம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் செலுத்த வேண்டும் என்பதையும் அனுப்பும் முன்பே படித்துவிடுங்கள்.

இதழ் முடிவானதும், ஆசிரியர்களுக்கான அதன் வழிகாட்டுதலை முழுமையாகப் படித்து, ஆய்வின் வகைக்கு ஏற்ற சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளைக் குலுக்கல் போலக் குழுக்களாகப் பிரிக்கும் சமவாய்ப்புப் பரிசோதனைகளுக்குக் கன்சார்ட், சிகிச்சையில் தலையிடாமல் கவனித்துப் பதியும் நோக்கு ஆய்வுகளுக்கு 22 அம்சங்கள் கொண்ட ஸ்ட்ரோப், நோயாளி அறிக்கைகளுக்குக் கேர் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் உண்டு. கட்டுரையை முடித்த பிறகு பக்க எண்களை நிரப்பும் படிவமாக இதைப் பலர் கருதுகிறார்கள். எழுதும்போதே பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் விடுபட்டவை கண்ணில் படும்.

கட்டுரை அறிமுகம், முறைகள், முடிவுகள், விவாதம் என்ற வரிசையில் அச்சாகும். அந்த வரிசையிலேயே எழுத வேண்டும் என்பதில்லை. அட்டவணைகளை முதலில் முடித்துவிட்டு, முறைகள், முடிவுகள், விவாதம், அறிமுகம், கடைசியில் ஆய்வுச் சுருக்கம் என்று போவது எளிது. அட்டவணைக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மதிப்பாய்வாளர் பேனாவை எடுத்து முதலில் செய்வது கூட்டல். 120 பேரைச் சேர்த்தோம், 8 பேர் தொடர் சிகிச்சைக்கு வரவில்லை என்று முறைகளில் சொல்லிவிட்டு, முதல் அட்டவணையில் 112 பேரையும், இரண்டாவதில் 120 பேருக்கான விழுக்காட்டையும், சுருக்கத்தில் 115 என்ற எண்ணையும் கொடுத்தால், அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருக்கும் எதையும் அவர் நம்பமாட்டார். விழுக்காட்டுக்குப் பக்கத்தில் அதன் மூல எண்ணிக்கையை எப்போதும் கொடுங்கள். மருத்துவமனையில் தங்கிய நாட்களைப் போலச் சமச்சீரற்றுப் பரவும் தரவுக்குச் சராசரியைவிட, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடைநிலை எண்ணே பொருந்தும். முடிவு தற்செயலாக வந்திருக்கக்கூடுமா என்பதை எடைபோட உதவும் பி மதிப்பை '0.05க்குக் கீழ்' என்று மொட்டையாக எழுதாமல், சரியான மதிப்பையும், உண்மை அளவு எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளியையும் சேர்த்துக் கொடுங்கள். அட்டவணையில் உள்ளதை முடிவுகள் பகுதியில் வரிக்கு வரி ஒப்பிக்கத் தேவையில்லை.

விவாதத்தின் முதல் பத்தி உங்கள் முதன்மையான கண்டறிதலைச் சொல்லட்டும். உலக அளவில் நோயின் பரவலைச் சொல்வதற்கான இடம் அதுவல்ல. ஆய்வின் குறைகளை நீங்களே வெளிப்படையாக எழுதுங்கள், ஏனெனில் எழுதாவிட்டால் மதிப்பாய்வாளர் எழுதுவார், அவருடைய நடை இன்னும் கடுமையாக இருக்கும். மேற்கோள்களை ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் சேர்த்து, ஒவ்வொன்றையும் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் திறந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். இல்லவே இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் காட்டுவதுண்டு. அத்தகைய கருவியைப் பயன்படுத்தியிருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும்; அதை ஆசிரியராகச் சேர்க்கக் கூடாது என்பது மருத்துவ ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவின் நிலைப்பாடு.

ஆசிரியர் யார் என்பதற்கும் அதே குழு நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டமிடலிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் பொருந்த வேண்டும். துறைத்தலைவர் என்ற பதவியால் மட்டும் ஒருவர் ஆசிரியராகிவிட மாட்டார். நம் கல்லூரிகளில் இதை வாய்விட்டுச் சொல்வது கடினம் என்பதால், பெயர் வரிசையைத் தரவு சேகரிக்கத் தொடங்கும்போதே எழுத்தில் முடிவுசெய்துகொள்வது நல்லது. தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இணையப் படிவம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். ஒரு கட்டுரையில் தந்தை பெயரையும் அடுத்ததில் சொந்தப் பெயரையும் அந்தக் கட்டத்தில் நிரப்பினால், தரவுத்தளத்தில் நீங்கள் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். ஒரு வடிவத்தை முடிவுசெய்து எல்லாக் கட்டுரைகளிலும் அதையே பயன்படுத்துங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணையும் பெற்று இணைத்துவிடுங்கள்.

நோயாளியின் படங்களில் மிகுந்த கவனம் தேவை. கண்களின் மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்ற பழக்கம் இன்று ஏற்கப்படுவதில்லை. அடையாளம் தெரியக்கூடிய படத்துக்கு எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் கொடுத்த ஒப்புதல் வெளியீட்டுக்கான ஒப்புதல் ஆகாது. எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களின் மூலையில் பதிந்திருக்கும் பெயரையும் மருத்துவமனை எண்ணையும் நீக்குங்கள். படத்தின் மேல் வெள்ளைப் பெட்டி ஒட்டி மறைக்காமல், அந்தப் பகுதியையே வெட்டி எடுங்கள். ஒட்டிய பெட்டியை எவரும் நகர்த்திப் பார்க்கலாம்.

மதிப்பாய்வாளருக்கு ஆசிரியர் யாரென்று தெரியாத முறையை இதழ் பின்பற்றினால், ஆசிரியர் விவரங்கள் அடங்கிய தலைப்புப் பக்கத்தைத் தனிக் கோப்பாக்க வேண்டும். அதை எல்லோரும் செய்துவிடுகிறார்கள். ஆனால் முறைகள் பகுதியில் நெறிமுறைக் குழுவின் பெயரோடு கல்லூரியின் பெயரும் அப்படியே நிற்கும்; வேர்டு கோப்பின் பண்புகளில் எழுதியவரின் பெயர் இருக்கும்; கோப்பின் பெயரே ஆசிரியரின் பெயராக இருப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் நீக்கிய பிறகு, இணையதளம் உருவாக்கும் பிடிஎஃப் கோப்பை முழுதும் படித்துவிட்டுத்தான் ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். முகப்புக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: கேள்வி, விடை, இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் தேவை, வேறெங்கும் பரிசீலனையில் இல்லை என்ற உறுதி. ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது கடுமையான நெறிமுறை மீறல்.

திருத்தம் கேட்டுப் பதில் வந்தால் அது நல்ல செய்தி. ஒரு நாள் கழித்து மீண்டும் படியுங்கள், முதல் வாசிப்பில் வரும் கோபம் தணிந்திருக்கும். ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே படியெடுத்து, அதன் கீழே உங்கள் பதிலையும், திருத்திய வாக்கியத்தையும், பக்க, வரி எண்களையும் கொடுங்கள். உடன்பட முடியாத குறிப்புக்குச் சான்றோடு மறுப்பு எழுதலாம். பதில் சொல்லாமல் தாண்டிப் போவதுதான் கூடாது. ஏற்கப்பட்ட பின், வெளியிடும் முன் சரிபார்ப்பதற்கான அச்சுப் படி வரும்போது, பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களே அவகாசம் இருக்கும். அதில் மருந்தளவுகளின் தசமப் புள்ளியையும், மைக்ரோகிராம் மில்லிகிராமாக மாறவில்லை என்பதையும், ஆசிரியர் பெயர்களின் எழுத்துகளையும் வேறொருவரை உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். வெளிவந்த பிறகு பிழையைத் திருத்த வேண்டுமானால் தனித் திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும்.