பாசிமணியில் ஒரு சைக்ளோடைடு

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வேலிதோறும் படரும் சங்குப்பூவிலும், கரட்டில் முளைக்கும் ஓரிதழ்த்தாமரையிலும் சைக்ளோடைடு என்ற சின்னஞ்சிறு வளையப் புரதங்கள் இருக்கின்றன. பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்தாலும் அதன் முடிச்சு பிடிபடுவதில்லை. கையால் கோத்தால் உடனே புரிகிறது.

திருநெல்வேலி டவுன் ரத வீதிக் கடைகளில் 23 வெள்ளைப் பாசி, 6 மஞ்சள் பாசி, நைலான் நரம்பு, மெல்லிய செம்புக் கம்பி வாங்குங்கள். நாம் செய்யப்போவது 29 அமினோ அமிலங்கள் கொண்ட கலாட்டா பி1 என்ற சைக்ளோடைடு. ஒரு பாசி ஓர் அமினோ அமிலம். மஞ்சள் பாசிதான் கந்தகம் உள்ள சிஸ்டீன்.

4 வெள்ளை கோத்து ஒரு மஞ்சள். பிறகு 3 வெள்ளை, மஞ்சள். 4 வெள்ளை, மஞ்சள். 4 வெள்ளை, மஞ்சள். 1 வெள்ளை, மஞ்சள். 4 வெள்ளை, மஞ்சள். கடைசியில் 3 வெள்ளை. நரம்பைக் கொஞ்சம் தளர்வாக விட்டு இரு முனைகளையும் முடிந்துவிடுங்கள். செடியில் இப்படி இரு முனைகளையும் இணைப்பது ஒரு நொதி. அத்தகைய நொதி ஒன்றைச் சங்குப்பூக் காயிலிருந்தே பிரித்தெடுத்து, 2014இல் வெளியிட்டார்கள்.

இனி கம்பி. சிஸ்டீன்களின் கந்தகங்களுக்கு இடையிலான பிணைப்புதான் இது. முதல் மஞ்சளை நான்காவதோடும், இரண்டாவதை ஐந்தாவதோடும் கட்டுங்கள். அந்த இரு கம்பிகளும், இடையிலுள்ள 3 வெள்ளையும் ஒற்றை வெள்ளையும் சேர்ந்து நடுவில் ஒரு சிறு வளையம் உருவாகியிருக்கும். மூன்றாவதையும் ஆறாவதையும் இணைக்கும் கம்பியை அந்த வளையத்துக்குள் நுழைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இங்கே அவசரம் கூடாது. வெளியே சுற்றிக் கட்டினால் எல்லாம் வீண்.

இப்போது இழுத்துப் பாருங்கள், அசையாது. முனையிலிருந்து கடித்துக்கொண்டு வரும் செரிமான நொதிக்கு இதில் முனையே கிடையாது. நடுவில் வெட்ட வரும் நொதிக்கும் முடிச்சு இடம் கொடுப்பதில்லை. அதனால்தான் காய்ப்புழுவின் குடலுக்குள்ளும் இது சிதையாமல் நிற்கிறது. குடல் செல்களின் சவ்விலுள்ள கொழுப்பைப் பற்றிக்கொண்டு சவ்வைச் சிதைக்கிறது. செல்கள் வீங்கி வெடிக்கின்றன, புழுவின் வளர்ச்சி குன்றுகிறது.

வெந்நீரும் இதை அவிழ்ப்பதில்லை. காங்கோவில் பிரசவ வலியைத் தூண்டப் பெண்கள் குடித்த கஷாயத்தை 1960களில் லோரென்ட்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர் கவனித்தார். நம் மஞ்சணத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியைக் கொதிக்கவைத்து எடுத்த கஷாயம் அது. கொதித்த பிறகும் வேலை செய்தது இந்தக் கலாட்டா பி1தான்.

மாதிரியைப் பிரிக்க வேண்டுமானால் கம்பியை முதலில் வெட்டுங்கள். நரம்பை மட்டும் அறுத்தால் வளையம் திறக்கும், முடிச்சு அப்படியே இருக்கும்.