தோட்டத்துக் கல்யாணத்துக்கு முதன்முதலாகக் கமரா தூக்கும் தம்பி, தங்கச்சிக்கு

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிற அக்கா என்று தெரிந்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது "என்ன கமரா வாங்கலாம்?" என்றுதான். கையில் இருப்பதே போதும். பழைய கமராவும் அதோடு வந்த 18–55 லென்ஸும் இருந்தால் பகல் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடலாம். இன்னும் கொஞ்சம் காசு இருக்கிறதென்றால் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். கமராவோடு வந்த லென்ஸை 55க்கு இழுத்தால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். 1.8 அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். இருட்டுக் கோயிலில் அந்த வித்தியாசம்தான் கை கொடுக்கும். மேலதிகமாக ஒரு பெட்டரி, இரண்டு மெமரி கார்ட். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

அடுத்து, கல்யாணம் எந்தப் பக்கம், எந்த மாதம் என்று கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் நாள் பார்க்க மாட்டார்கள். வைகாசி, ஆவணி முகூர்த்தம் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் என்றால் அது தென்மேற்குப் பருவமழைக்குள் விழுகிற நாள். குடை பிடிக்க ஒரு ஆளை இப்போதே பேசி வையுங்கள். அதே ஆவணியில் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் காய்ந்து கிடக்கும், காற்றுதான் தொல்லை. தையில் கதை மாறும். பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழை நனைத்துக்கொண்டிருக்க, ஹட்டனில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். அந்த வெயிலில் யாரையும் நேராக நிறுத்தாதீர்கள். கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழிதான் தெரியும்.

நலுங்குக்குப் போகிற சாக்கில் முதல் நாள் சாயங்காலமே இடத்தைப் பார்த்துவிடுங்கள். நம்மைக் கவிழ்க்கிற முதல் ஆள் பந்தலுக்கு மேலே போட்டிருக்கும் நீலத் தறப்பாள். அதன் வழியாக இறங்குகிற வெளிச்சத்தில் முகம் நீலம் பூத்து, நகை பச்சை அடித்து நிற்கும். நம் கண் அதைத் தானே சரி செய்துகொள்ளும், கமராவுக்கு அந்தப் புத்தி இல்லை. மணவறைப் பக்கம் தறப்பாளின் ஒரு ஓரத்தை மடித்துக் கட்டச் சொல்லுங்கள். பக்கத்திலிருந்து நல்ல வெளிச்சம் வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஃபிளாஷ் இருந்தால் மணவறைக்கு மேலே, தறப்பாளுக்கு அடியில், ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டைக் கட்டச் சொல்லுங்கள். மேலே திருப்பி அடித்த ஃபிளாஷ் வெள்ளையாகவே கீழே திரும்பும். தறப்பாளில் பட்டுத் திரும்பினால் அதுவும் நீலம்தான். ரோஸ், பச்சை என்று சுவருக்குப் பூசிய மண்டபங்களிலும் இதே கதை. கல்யாண வீட்டுக்காரர் "எதுக்கும்மா பெட்ஷீட்?" என்று ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பரவாயில்லை, கட்டிவிடுவார்கள்.

நிறத்துக்கு இன்னொரு காப்பு. அதே பந்தலில், மணவறைக்கு முன்னால், ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு கம்பியூட்டரில் அந்தத் தாளை வெள்ளையாக்கினால் மற்றப் படங்களும் பின்னாலேயே வந்துவிடும். இதற்கெல்லாம் ரோ ஃபைலாக, அதாவது கமரா பிடித்ததை அப்படியே வைக்கிற ஃபைலாக, எடுத்திருக்க வேண்டும். கமரா சுருக்கித் தருகிற ஜேபெக்கில் நீலம் ஏறிப்போன முகத்தை மீட்பது பெரும்பாடு. 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ ஃபைல் 25, 30 எம்.பி. அளவில் வரும். 64 ஜி.பி. கார்ட் ஒரு கல்யாணத்தைத் தாங்கும்.

பனி மூடினால் பயப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். அவ்வளவு மெதுவான வெளிச்சத்தைக் கொழும்பு ஸ்டூடியோக்காரர் காசு கொடுத்து உண்டாக்குகிறார்கள். கமரா மட்டும் ஏமாறும். எல்லாம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, வெளிச்சம் கூடிவிட்டதென்று நினைத்துப் படத்தைச் சாம்பலாக்கும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 அல்லது +1 கூட்டிக்கொள்ளுங்கள். ஃபோகஸும் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலையும். நடுப் புள்ளியைச் சேலையின் ஜரிகைக் கரையிலோ நெற்றிப் பொட்டிலோ வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஜோடியை உங்களிடமிருந்து மூன்று மீட்டருக்குள் நிறுத்துங்கள். தள்ளிப் போகப் போக முகமும் பனியோடு கரையும். பின்னால் தேயிலை மலை கரைந்தால் அழகு, பொண்ணு கரைந்தால் வீட்டில் திட்டு விழும்.

குளிரில் வேனில் வந்து, ஆள் நெரிசலில் சூடேறிய மண்டபத்துக்குள் கமராவை எடுத்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். சேலைத் தலைப்பால் துடைப்பது அதற்கு மருந்து இல்லை. பையை மூடியபடியே கால் மணி நேரம் உள்ளே வைத்திருங்கள், கண்ணாடி சூடு பிடித்ததும் எடுங்கள். முடிந்து வீட்டுக்குப் போனபிறகும் கமராவைத் துணிப்பையிலேயே விடக்கூடாது. நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் போகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், அது போதும்.

உள்ளே டியூப் லைட்டும் எல்.ஈ.டி. பல்பும். நம் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று, அதனால் இந்த லைட்டுகள் பல ஒரு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டர் வேகத்தை 1/200, 1/500 செக்கன் என்று ஏற்றினால் ஒரு படம் மஞ்சள், அடுத்தது மங்கல், இன்னொன்றில் குறுக்கே பட்டை விழும். 1/100இல் நில்லுங்கள், தேவைப்பட்டால் 1/50க்கு இறங்குங்கள். வெளிச்சம் போதாவிட்டால், கமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை தைரியமாக ஏற்றலாம். அதனால் புள்ளி விழுந்த படத்தைச் சரி செய்யலாம், ஆடிய முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. புதிய மிரர்லெஸ் கமரா என்றால் சத்தமில்லாத ஷட்டரை அணைத்துவிடுங்கள், பட்டை அதில்தான் அதிகம். 1.8 இருக்கிறதே என்று எப்போதும் 1.8லேயே எடுக்காதீர்கள். இரண்டு பேரென்றால் 2.8 அல்லது 4. இல்லாவிட்டால் மாப்பிள்ளை தெளிவாக, பொண்ணு மங்கலாக வரும்.

இனி தாலி. வந்த உடனேயே வீடியோ அண்ணாவிடம் போய், "நீங்க எந்தப் பக்கம் அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொண்டால் இருவர் படமும் கெடும். ஐயரிடமும் ஒரு வார்த்தை பேசி வையுங்கள். மரியாதையாகக் கேட்டால் சிலர் அரை நொடி நிறுத்தியே தருவார்கள். தேங்காய் மேல் தாலி வைத்த தட்டு ஆசீர்வாதத்துக்குச் சபையைச் சுற்ற ஆரம்பிக்கும்போது உங்களுக்கு மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். கார்ட்டில் இடம் இருக்கிறதா, பெட்டரி எவ்வளவு என்று அப்போதே பார்க்க வேண்டும். தட்டு திரும்பி வரும்போது மாமன்மாரும் சித்தப்பாமாரும் ஃபோனோடு எழுந்து முன்னால் வருவார்கள். யாரையும் தள்ளாதீர்கள். ஒரு ஸ்டூலை முன்னாடியே போட்டு, மாப்பிள்ளையின் இரு கைக்கும் நடுவில் பொண்ணின் முகம் தெரிகிற மூலையைப் பிடித்து நின்றுகொள்ளுங்கள். கெட்டிமேளம் கேட்டதும் தொடர்ந்து அமுக்குங்கள். 1/100இல் அட்சதை கோடு கோடாக விழும். விழட்டும், முகம் நிற்கிறதா என்பதே கணக்கு. முதல் முடிச்சோடு கமராவை இறக்கிவிடாதீர்கள். பின்னாலேயே மாப்பிள்ளையின் அக்காவோ தங்கச்சியோ குனிந்து மற்ற முடிச்சைப் போடுவார். அந்த நேரத்தில் பொண்ணின் அம்மா பக்கம் ஒரு தடவை திரும்புங்கள்.

பொண்ணைத் தனியாக எடுக்க நான் தேடுவது இஸ்தோப்பை, அதாவது லயத்து வீட்டின் முன் திண்ணையைத்தான். காம்பராவுக்குள், அதாவது அறைக்குள், இருட்டு, வெளியே வெயில் அல்லது மழை. இடையில் கூரை நிழலில் வெளிப் பக்கம் பார்த்து நிறுத்தினால் முகத்தில் அழகான வெளிச்சம் விழும். சுவரில் சாய்த்து வைத்த கொழுந்துக் கூடையை யாராவது அவசரமாக எடுத்து மறைக்கப் பார்ப்பார்கள். வீட்டுக்காரருக்குச் சம்மதம் என்றால் அது அங்கேயே இருக்கட்டும். அலங்காரம் முடியும் முன் ஃபிளாஷோடு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சில கிரீமும் பவுடரும் ஃபிளாஷ் பட்டதும் முகத்தை மட்டும் மாவு பூசியதுபோல் காட்டும். அலங்காரம் செய்கிற அக்காவிடம் அப்போதே காட்டினால் கழுத்துக்கும் கைக்கும் சேர்த்துச் சரி செய்துவிடுவார். தம்பிமார் உள்ளே போக முடியாத காம்பராவில் இதைக் கூட வருகிற ஒரு தங்கச்சியிடம் விடுங்கள்.

குடும்பப் படத்துக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எஃப் 8, கோயில் படிக்கட்டு, பெயர் தெரிந்த ஒரு மாமாவைக் கூப்பிட்டு ஆட்களை வரிசையாக அழைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கூட்டத்தையும் நாலைந்து தடவை எடுங்கள், யாராவது கண்ணை மூடியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடும் முன் கார்ட்டை இரண்டு இடத்தில் கொப்பி பண்ணுங்கள். இரண்டும் திறக்கிறதா என்று பார்க்கும்வரை கார்ட்டை அழிக்காதீர்கள்.

இப்போது எடிட்டிங். படம் திருத்துகிற மென்பொருளில் லைட்ரூம் இருந்தால் சரி. இல்லாவிட்டால் டார்க்டேபிள் இலவசம், பழக நாள் எடுக்கும், ஆனால் எந்த வேலையிலும் குறை இல்லை. ஃபோன்தான் இருக்கிறதென்றால் ஸ்னாப்சீடில் தொடங்கலாம். முதல் வேலை கழிப்பது. ஆயிரம் படம் எடுத்தால் முந்நூறு கொடுத்தால் போதும். ஒரே சிரிப்பைப் பத்துத் தடவை யாரும் பார்ப்பதில்லை. பிறகு ஒவ்வொரு இடத்திலும் ஒரு படத்தைச் சரி செய்யுங்கள்: வெள்ளைத் தாளை வைத்து நிறம், அப்புறம் வெளிச்சம், அப்புறம் சரிவு. அதை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கு ஒட்டிவிடுங்கள். பந்தல் படத்தின் அளவை இஸ்தோப்புப் படத்துக்கு ஒட்டக்கூடாது.

கூறைச் சேலையின் சிவப்பு ஒரு தனி வில்லங்கம். முகம் சரியாகத் தெரிகிற வெளிச்சத்திலேயே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, மடிப்பும் பூவேலையும் போய் ஒரே வர்ணப் பூச்சாக நிற்கும். கமராவில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடம் இருந்தால் சிவப்பு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் கொஞ்சம் இருட்டாக எடுங்கள். எடிட்டிங்கில் சிவப்பின் செறிவை 10, 15 குறைத்தால் நூல் வேலை திரும்பத் தெரியும். முழுப் படத்தின் செறிவையும் குறைத்துவிடாதீர்கள். நலுங்குப் படத்தில் மஞ்சள் நிறத்திலும் கை வைக்க வேண்டாம். குறைத்தால் பூசிய மஞ்சள் காணாமல் போய், பொண்ணு காய்ச்சல்காரி மாதிரி இருப்பாள்.

"பிள்ளைய கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்கம்மா" என்று யாராவது ஒரு அத்தை கேட்காத கல்யாணம் இல்லை. லைட்ரூமில் செம்மஞ்சள் நிறத்தின் பிரகாசத்தை ஏற்றினால் நம் தோல் வெளுக்கும், ஒரு நிமிட வேலை. நான் ஐந்துக்கு மேல் ஏற்றுவதில்லை, அதுவும் நிழல் விழுந்த முகத்துக்குத்தான். அத்தையிடம், "வெளிச்சமா எடுத்துத் தாறேன் அத்தை, வேற ஆளா மாத்த மாட்டேன்" என்று சொல்லிவிடுவேன். முகத்தை வெளுத்தால் கை கறுப்பாகத் தெரியும், கையை வெளுத்தால் பக்கத்தில் நிற்கும் அம்மா கறுப்பாகத் தெரிவார், இது முடியவே முடியாது. பரு, அன்றைக்குப் பட்ட கீறல் எல்லாம் எடுத்துவிடலாம். மச்சமும் தழும்பும் அவரவர் சொத்து.

தாரை வார்க்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். செம்பிலிருந்து தண்ணீர் இறங்கும் இடத்தில் அம்மாவின் விரல்கள் இருக்கும். ஆட்காட்டி விரல் ஓரத்திலும் நகக் கண்ணிலும் கொழுந்துக் கறை கறுத்துப் படிந்திருக்கும். தோலை மழமழப்பாக்கும் பிரஷ் முதலில் அழிப்பது அதைத்தான். நான் அந்தப் பக்கம் பிரஷைக் கொண்டு போவதில்லை. நீங்கள் எப்படிச் செய்வீர்களோ தெரியாது, ஆனால் அந்த விரலைத் துடைக்கும் முன் அந்த அம்மாவிடம் கேளுங்கள். டீஹேஸ் என்ற பொத்தானும் அப்படித்தான். ஒரே இழுப்பில் பனியைக் கலைத்து, பின்னால் இருக்கிற மலையைக் கரிக்கட்டை ஆக்கும். பத்துக்கு மேல் போகாதீர்கள்.

அல்பத்துக்கு அனுப்பும் முன் லேப்டொப் திரையின் பிரகாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். முழுப் பிரகாசத்தில் எடிட் பண்ணியது பிரின்ட்டில் இருண்டுதான் வரும். நாலைந்து படத்தை 4×6 அளவில் முதலில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதை அனுப்புவது நல்லது. நிற வகையை எஸ்.ஆர்.ஜி.பி. என்றே வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 12×18 படத்துக்கு 5400×3600 வேண்டும். 24 மெகாபிக்சல் கமரா 6000×4000 தரும், அதனால் ஓரத்தை வெட்டும்போது கை தாராளம் வேண்டாம்.

கட்டார், சவூதியில் இருக்கிற அண்ணன்மாருக்குப் படம் உடனே வேண்டுமென்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டொக்கியூமென்ட் என்று அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவில் போட்டு லிங்க்கைக் கொடுங்கள்.