மையர் என்ற ஜெர்மானியக் குடும்பப்பெயர்: வேர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப்பெயர்களுள் ஒன்று மையர். 'பெரியவர்' எனப் பொருள்படும் மாயோர் என்ற லத்தீன் சொல்லே இதன் மூலம். மேயர் என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் பிறந்ததால், தம் முன்னோர் நகர்மன்றத் தலைவராக இருந்தார் என்று பலர் பெருமையோடு முடிவு கட்டிவிடுகின்றனர். ஆனால் இடைக்காலத்து மையர், நிலப்பிரபுவின் அல்லது மடத்தின் பண்ணையை மேற்பார்த்து, குடியானவர்களிடம் தானியப் பங்கை வசூலித்த காரியஸ்தர். பிற்காலத்தில், குறிப்பாக வடமேற்குப் பகுதிகளில், பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தவரும் அவ்வாறே அழைக்கப்பட்டார். பண்ணைதோறும் ஒரு மையர் இருந்த நாட்டில், அப்பெயர் கொண்டோர் அனைவரும் ஒரே வம்சத்தவராக இருக்க வழியில்லை.

எழுத்துக்கூட்டலை வைத்துக் கிளை பிரிப்பதும் ஆபத்தானது. ஒரே ஒலிக்குக் குறைந்தது நான்கு எழுத்து வடிவங்கள் உண்டு. ஜெர்மானியப் பேரரசு முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியும் அரசுப் பதிவகங்கள் 1876-இல் நடைமுறைக்கு வரும் வரை, காதில் விழுந்ததைத்தான் பாதிரியார் எழுதினார். ஆகவே ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்கே எழுத்து மாறியிருக்கக்கூடும்.

யூதக் குடும்பங்களில் இப்பெயர் பெரும்பாலும் 'ஒளி தருபவர்' எனப் பொருள்படும் மெயிர் என்ற எபிரேய ஆண்பெயரிலிருந்து வந்தது. யூதர்கள் நிலையான குடும்பப்பெயர் கொள்ள வேண்டும் என்று ஜெர்மானிய அரசுகளுள் ஒன்றான பிரஷ்யா 1812-இல் ஆணையிட்டபோது, தந்தையின் பெயரையே சூட்டிக்கொண்டவர் பலர். அவர்களுக்குப் பண்ணைக் காரியஸ்தரை முன்னோராக்குவது பொருந்தாது. 'மையர் குலச் சின்னம்' என்று கடைகளில் விற்கப்படும் கேடயப் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; சின்னம் குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்குரியதே தவிர, பெயருக்குரியதன்று.

எல்லாவற்றிலும் பெரிய குழப்பம் வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் காத்திருக்கிறது. அங்கே பெயர் ஆளைவிடப் பண்ணைக்கே அதிகம் சொந்தமாக இருந்தது. பண்ணை வாரிசான பெண்ணை மணந்து வீட்டோடு மாப்பிள்ளையாகக் குடியேறியவர், பிறந்த வீட்டுப் பெயரை விட்டுப் பண்ணையின் பெயரை ஏற்பார். பிள்ளைகளும் அதையே பெறுவார்கள். தேவாலயப் பதிவேட்டில் இரு பெயர்களுக்கு நடுவே 'என அழைக்கப்படும்' எனப் பொருள்படும் கெனான்ட் என்ற சொல் நின்றால், பொதுவாக முன்னிருப்பது பிறப்புப் பெயர், பின்னிருப்பது பண்ணைப் பெயர். இதைக் கவனியாதவர், இரத்த உறவே இல்லாத ஒரு முன்குத்தகைதாரரைத் தம் நேர்வழிப் பாட்டனாராக எழுதிக்கொள்வார். அதனால் அப்பகுதியில் ஞானஸ்நானப் பதிவோடு நின்றுவிடாமல், திருமணப் பதிவையும் பண்ணையின் குத்தகை ஆவணத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.