பாய்லர் ரிப்பேருக்குப் பிறகு தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் குளிர் தொடங்கிவிட்டால் ஹீட்டிங் வேலை பார்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. என்னோடு வேலை பழக வரும் பையன்களைப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த கூத்தையே அச்சுப் பிசகாமல் அடிக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்தது, சுவிட்சைப் போட மறந்தது எல்லாம் தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுவோம்.

பிரஷர் இறங்க இறங்கத் தண்ணீர் ஏற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

காம்பி பாய்லர் (ஹீட்டிங்குக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பெட்டி) ஆறியிருக்கும்போது பிரஷர் கேஜின் முள் 1 முதல் 1.5 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிற்க வேண்டும். தண்ணீர் சூடானால் விரியும். அப்படி விரிவதற்கு இடம் கொடுப்பது எக்ஸ்பான்ஷன் வெசல். அதன் நடுவே ஒரு ரப்பர் தடுப்பு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. அந்தக் காற்று போய்விட்டால் முள் கிடுகிடுவென்று 3 பாருக்கு ஏறும். பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாய் வழியே தண்ணீரைக் கொட்டிவிடும். இரவு பாய்லர் ஆறியதும் முள் பூஜ்யத்துக்குப் போய்விடும். காலையில் வீட்டுக்காரர் நடுங்கிக்கொண்டே ஃபில்லிங் லூப்பை, அதாவது பாய்லருக்குள் குழாய்த் தண்ணீர் ஏற்றும் இணைப்பை, திறப்பார். மறுநாளும் இதே கதை.

ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு. பம்ப் மாற்றியதிலிருந்து பிரஷர் நிற்கவில்லை. வந்தவர், வால்வு சொட்டுகிறது என்று புது வால்வு போட்டுவிட்டுப் போனார். அதுவும் சொட்டியது. அடுத்து வந்தவர், தரைக்கடியில் லீக் என்று பலகையைப் பெயர்த்தார். கடைசியில் நான் போய், வெசலில் கார் டயரில் இருப்பது போன்ற அந்தச் சின்ன வால்வை அமுக்கினேன். காற்று வர வேண்டிய இடத்தில் கறுப்புத் தண்ணீர் பீய்ச்சியது. ரப்பர் கிழிந்திருந்தது, வேறொன்றுமில்லை.

அதற்குள் அந்த வீட்டு அக்கா மாதக்கணக்கில் புதுத் தண்ணீரை ஏற்றியிருந்தார். ஒவ்வொரு தடவையும் புது ஆக்சிஜன் உள்ளே போகும், ரேடியேட்டர் உள்ளுக்குள் துருப்பிடிக்கும், துருவைத் தடுக்க ஊற்றிய இன்ஹிபிட்டரும் நீர்த்துப்போகும். போதாக்குறைக்கு லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பு வேறு. வெசலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, தண்ணீரைச் சூடாக்கும் பாகமான ஹீட் எக்ஸ்சேஞ்சர் வரை போனது.

பையன்கள் வெசலைச் சோதிக்கும் விதத்திலும் ஒரு கோளாறு உண்டு. தண்ணீர் பிரஷர் இருக்கும்போதே காற்று கேஜை வைப்பார்கள். அது 1 பார் காட்டும், "அண்ணே, வெசல் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். தம்பி, அது மறுபக்கத் தண்ணீர் தள்ளுகிற தள்ளு! தண்ணீர்ப் பக்கத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, வடிகால் திறந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். காற்றடிப்பதும் அப்படியே. எவ்வளவு என்பதை மேனுவல் சொல்லும், பெரும்பாலும் 0.75 முதல் 1 பார். ஒருமுறை திறந்துவிட்ட பாதுகாப்பு வால்வில் தூசி சிக்கி அது சரியாக மூடாமல் போகலாம், அதையும் கையோடு பாருங்கள். ஆனால் முதலில் வெசல், அப்புறம்தான் வால்வு.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஆறியிருக்கும்போது முள் எங்கே, சூடானபின் எங்கே என்று குறித்து வைப்பது. சூட்டில் 3-ஐ நெருங்கினால் வெசல் மேல் சந்தேகப்படலாம். ஏறாமலே இறங்கிக்கொண்டு போனால் எங்கோ ஒழுகுகிறது.

ரீசெட்டை அமுக்கிக்கொண்டே இருப்பது

ஒரு தடவை அமுக்குங்கள். பாய்லர் மறுபடி நின்றால் விட்டுவிடுங்கள்.

எரர் கோடை மட்டும் பார்த்துப் பார்ட் வாங்குவது

பாய்லர் திரையில் பற்றவைப்பு தோல்வி என்று எரர் கோட் (பிழைக் குறியீடு) வந்ததும் சர்க்யூட் போர்டுக்கு ஆர்டர் போடுகிறார்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம். கடும் உறைபனி இருந்த காலையில் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், பாய்லரின் கழிவு நீரை வெளியே கொண்டுபோகும் கண்டென்சேட் குழாயைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே ஐஸ் அடைத்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் போதும், கொதிநீர் கூடாது.

காற்றெடுத்த பிறகு முள்ளைப் பார்க்காதது

ரேடியேட்டரில் காற்றெடுத்தால், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியே விட்டால், பிரஷர் குறையும். அதற்கு மட்டும் தண்ணீர் ஏற்றலாம். லூப்பை மறுபடி இறுக மூடுங்கள்.

அட்டையைப் பார்க்காமல் ஆளை உள்ளே விடுவது

பிரிட்டனில் எரிவாயு வேலை செய்பவர்களுக்கான பழைய பதிவான கார்கி 2009-இல் போய், கேஸ் சேஃப் பதிவு வந்தது. எரிவாயு வேலைக்கு அது கட்டாயம். பதிவு பெற்றவரிடம் இருக்கும் அட்டையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். அவர் எந்தெந்த வேலை செய்யலாம் என்பது அங்கேதான் இருக்கும்.